டிஜிட்டல் கதைசொல்லல் வழியே எழுதக் கற்பித்தல்: தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் எழுதக் கற்பிப்பவள் நான். பிள்ளைகள் தாங்களே எழுதி, தாங்களே வாசித்துப் பதிவுசெய்து, தாங்கள் வரைந்த படங்களோடு சேர்க்கும் சிறு கதைகளைச் சில ஆண்டுகளாக வகுப்பில் செய்துவருகிறேன். அதைப் பற்றிச் சக ஆசிரியர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளில் பாதி ஆப் பற்றியவை. பதில்களில் பாதி நோட்டுப்புத்தகம் பற்றியவை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

டிஜிட்டல் கதைசொல்லல் என்றால் என்ன? வீடியோ எடுப்பதைத்தானே அப்படிச் சொல்கிறார்கள்?

இல்லை. வீடியோவில் கேமரா கதை சொல்கிறது. இங்கே எழுதியவரின் குரல் சொல்கிறது. சொந்த அனுபவத்தைப் பற்றி எழுதிய ஒரு சிறு உரை, அதை எழுதியவரே வாசித்த ஒலிப்பதிவு, கூடவே மாறிமாறி வரும் சில படங்கள். இவ்வளவுதான். இரண்டு, மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும்.

இந்த வடிவம் பள்ளிக்கூடத்தில் பிறக்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் டேனா ஆட்ச்லி என்ற மேடைக் கலைஞர் தன் பழைய படங்களையும் வீடியோத் துண்டுகளையும் வைத்துக் கதை சொல்லிவந்தார். அவரோடு ஜோ லேம்பர்ட்டும் நீனா மல்லனும் சேர்ந்து, சாதாரண மக்களும் அப்படிக் கதை செய்வதற்குப் பட்டறைகள் நடத்தத் தொடங்கினார்கள். 1994-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய அவர்களுடைய மையம் பிறகு பெர்க்லிக்கு இடம்மாறி, இன்று ஸ்டோரிசென்டர் என்ற பெயரில் இயங்குகிறது. 2001 முதல் 2008 வரை பிபிசி வேல்ஸ் ‘கேப்சர் வேல்ஸ்’ என்ற திட்டத்தில் ஊர் ஊராகப் போய் மக்களைத் தங்கள் கதையைத் தாங்களே செய்யவைத்தது. இந்தப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து கதையைச் சொல்லிப் பார்ப்பார்கள். கணினியைத் தொடுவதெல்லாம் பிறகுதான். அவர்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது முக்கியமாக இந்த வழக்கத்தைத்தான்.

எழுத்துப் பாடத்தில் இதற்கு என்ன வேலை?

ஒரே ஒரு வேலைதான் என்றால் நான் திருத்தி எழுதுவதைச் சொல்வேன்.

தொடக்க வகுப்புப் பிள்ளையிடம் “திருத்தி எழுதிக்கொண்டு வா” என்று சொல்லிப் பாருங்கள். அதே வாக்கியங்களை இன்னும் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டு வரும். குற்றம் பிள்ளையுடையது அல்ல. தான் எழுதியதை இன்னொருவர் காதால் கேட்டுப் பார்க்க அதற்கு வழியே இல்லை. அமெரிக்க ஆய்வாளர்களான லிண்டா ஃபிளவரும் ஜான் ஹேய்ஸும் 1981-இல் எழுதுதலைப் பற்றி வெளியிட்ட கோட்பாடு ஆசிரியர் பயிற்சிகளில் இன்றும் பேசப்படுகிறது: திட்டமிடுவது, சொற்களாக்குவது, திரும்பிப் பார்ப்பது ஆகிய மூன்றும் வரிசையாக நடப்பதில்லை, எழுதுகிறவர் மனத்தில் முன்னும் பின்னுமாகப் போய்வந்துகொண்டே இருக்கும் என்றார்கள். பெரியவர்களான நாம் எழுதும்போதே உள்ளுக்குள் வாசித்துக் கேட்டுக்கொள்கிறோம். எட்டு வயதில் உள்ளே கேட்கும் அந்தக் காது இன்னும் திறக்கவில்லை. ஒலிப்பதிவு அதை வெளியே எடுத்து மேசைமேல் வைக்கிறது.

நான்காம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் நாய்க்குட்டி காணாமல்போன கதையை எழுதினான். ஏறக்குறைய தொண்ணூறு சொற்கள். அதில் பதினொரு ‘பிறகு’. “பிறகு நான் தேடினேன். பிறகு அண்ணன் தேடினான். பிறகு மழை வந்தது.” இரண்டு முறை சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டுக் கொடுத்தேன். பதினொன்றும் அப்படியே திரும்பி வந்தன. பதிவுசெய்து காதில் ஹெட்போனை மாட்டிவிட்டேன். மூன்றாவது ‘பிறகு’ வந்தபோது முகத்தைச் சுளித்தான். ஏழாவதில் சிரித்துவிட்டான். ஹெட்போனைக் கழற்றி, “டீச்சர், நான் ஏன் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்?” என்று கேட்டான். அன்றே எட்டை அடித்தான். மூன்றை விட்டுவைத்தான், அவை இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தன.

எந்த வகுப்பில் தொடங்கலாம்?

முழுக்கதை என்றால் மூன்றாம் வகுப்பு. அதற்கு முன்பே தொடங்கலாம், ஆனால் வேறு மாதிரி. முதல் வகுப்பில் ஒரு படம், ஒரு வாக்கியம் போதும். பிள்ளை சொல்வதை ஆசிரியர் பலகையில் எழுதுகிறார். பிள்ளை பார்த்து எழுதுகிறது. பிறகு அதையே வாசித்துப் பதிவுசெய்கிறது. சொன்னது எழுத்தாகி, எழுத்து மறுபடியும் சொல்லாவதை அந்த வயதில் பார்ப்பதே பெரிய பாடம். இரண்டாம் வகுப்புக்கு, படங்களை அசையவைத்துக் கதை செய்ய உதவும் ஸ்க்ராட்ச்ஜூனியர் என்ற இலவச ஆப் ஒத்துவரும். எம்ஐடி, டஃப்ட்ஸ் பல்கலைக்கழகக் குழுக்கள் ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்காக உருவாக்கி 2014-இல் வெளியிட்டது அது. ஒரு கதைக்கு நான்கு பக்கங்களுக்குமேல் அதில் இடமில்லை. எழுதக் கற்கும் பிள்ளைக்கு அந்தக் குறையே வசதி: எங்கே இருந்தோம், என்ன ஆனது, என்ன செய்தோம், எப்படி முடிந்தது. நான்கு பக்கம் முடிந்தால் கதையும் முடிந்தாக வேண்டும்.

எத்தனை பாடவேளை ஆகும்?

பத்து. அதில் முதல் ஆறில் எந்தக் கருவியும் மேசைக்கு வராது.

முதல் ஆண்டில் நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். முதல் நாளே டேப்லெட்டுகளைக் கொடுத்துவிட்டேன். மூன்று பாடவேளைகள் படம் சுழன்று மறைவது, எழுத்து பறந்து வருவது, கைதட்டல் ஒலி சேர்ப்பது என்றே போயின. வகுப்பே குதூகலமாக இருந்தது. நானும் பெருமையாகத் தலைமையாசிரியரை அழைத்துக் காட்டினேன். ஒரு கதையில் ஒன்பது படங்கள், நான்கு வகை இசை, மொத்தமே இரண்டு வாக்கியங்கள். இரண்டாவது வாக்கியம் “நன்றி” என்பது.

இப்போது முதல் பாடவேளை கதைவட்டம். அடுத்து ஒரு வேளை முதல் வரைவு, யாரும் எதையும் திருத்துவதில்லை. மூன்றாவது வேளையில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் வரைவை மற்றவர் வாசிக்கிறார். எழுதியவர் கேட்க மட்டும் செய்வார். வேறு வாயிலிருந்து வரும்போது தன் வாக்கியம் எங்கே தடுக்குகிறது என்று தெரிந்துவிடும். நான்கும் ஐந்தும் கட்டம் போட்டு வரைவதற்கு. ஆறாவது வேளை இரண்டாம் வரைவு. ஏழு, எட்டு ஒலிப்பதிவு. பதிவைக் கேட்டுவிட்டு மறுபடியும் திருத்துவது இதற்குள் அடக்கம். ஒன்பதில் படங்களையும் குரலையும் சேர்க்கிறோம். பத்தாவது நாள் பார்ப்பதற்கு.

பிள்ளைகள் “எனக்கு எழுத எதுவுமே இல்லை” என்கிறார்கள். என்ன செய்வது?

“உன் வாழ்வில் மறக்க முடியாத நாள்” என்று தலைப்புக் கொடுத்தால் அப்படித்தான் சொல்வார்கள். ஏழு ஆண்டுகள் வாழ்ந்த ஒருவருக்கு அது பெரிய கேள்வி. சிறிதாகக் கேளுங்கள். நீ உடைத்த பொருள் எது? எதைக் கண்டு பயந்தாய், இப்போது பயப்படுவதில்லை? உன் உடம்பில் உள்ள ஒரு தழும்பு எப்படி வந்தது? தழும்புக் கேள்விக்கு இதுவரை கை தூக்காத வகுப்பை நான் பார்த்ததில்லை. முழங்காலைக் காட்டிக்கொண்டே நான்கு பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிப்பார்கள்.

வட்டத்தில் ஒருவர் சொல்லி முடித்ததும் மற்றவர்கள் கருத்துச் சொல்லக்கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம் என்பது எங்கள் விதி. “நன்றாக இருந்தது” என்பதால் எழுதுகிறவருக்கு ஒரு பயனும் இல்லை. “அப்போது உன் தங்கை எங்கே இருந்தாள்?” என்பதால் இரண்டு வாக்கியம் கிடைக்கும்.

கதை எவ்வளவு நீளம் இருக்கலாம்?

மூன்றாம் வகுப்புக்கு 60 முதல் 80 சொற்கள், ஐந்தாம் வகுப்புக்கு அதிகம் போனால் 120. படங்கள் ஆறு முதல் எட்டு. பெரியவர்களுக்கான பட்டறைகளிலேயே ஆங்கிலத்தில் 250 சொற்கள், இரண்டு நிமிடம் என்பதுதான் வழக்கமான அளவு. தமிழில் ஒரு சொல்லே இரண்டு மூன்று சொற்களைத் தூக்கிக்கொண்டு வருவதால் இன்னும் குறைவாகவே போதும்.

ஜோ லேம்பர்ட்டின் மையம் நல்ல டிஜிட்டல் கதைக்கு ஏழு கூறுகளைச் சொல்லிக்கொடுத்தது: பார்வைக் கோணம், கேட்பவரை இழுத்துப் பிடிக்கும் கேள்வி, உணர்வு, சொந்தக் குரல், பின்னணி ஒலி, சிக்கனம், வேகம். ஏழு கூறுகளையும் எட்டு வயதுப் பிள்ளைமேல் சுமத்த வேண்டாம். கேள்வி, குரல், சிக்கனம் ஆகிய மூன்றை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். சொல் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தாலே சிக்கனம் தானாக வந்துவிடும். 120-க்குமேல் போனால் எதை வெட்டுவது என்று பிள்ளையே தீர்மானிக்க வேண்டும். அழுகைகூட வரும். வெட்டியபின் வாசித்துப் பார்த்தால் வெட்டியது எது என்றே பல சமயம் மறந்திருக்கும்.

படம் முதலா, எழுத்து முதலா?

எழுத்து முதலில், ஆனால் முதல் வரைவு மட்டும். அதற்கப்புறம் படம் வரட்டும். படம் வந்து எழுத்தைத் திருத்தட்டும். எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த கட்டம் இதுதான் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஒரு தாளை எட்டுக் கட்டமாக மடிக்கிறோம். ஒவ்வொரு கட்டத்திலும் மேலே படம், கீழே அந்தப் படம் திரையில் இருக்கும்போது கேட்கவேண்டிய வாக்கியம். எல்லாரும் வரைந்து முடித்ததும் ஒரே ஒரு விதி: படத்தில் தெரிவதை எழுத்தில் சொல்லாதே, அடித்துவிடு.

சைக்கிள் கற்றுக்கொண்டதைப் பற்றி மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுதிய முதல் வரைவு இது: “என் சைக்கிள் சிவப்பு நிறம். அதற்கு இரண்டு சக்கரங்கள் உண்டு. நான் சைக்கிள் ஓட்டக் கற்றேன். அப்பா பிடித்துக்கொண்டார். நான் கீழே விழுந்தேன். எனக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது.”

விழுந்தது மகிழ்ச்சியா என்று கேட்டேன். “அது அப்புறம், டீச்சர்” என்றாள். அந்த ‘அப்புறம்’ எழுத்தில் இல்லை. படத்தில் சிவப்புச் சைக்கிளும், இருக்கையைப் பிடித்த ஒரு கையும் இருந்தன. விதிப்படி நிறமும் சக்கரமும் போயின. அப்பா பிடித்துக்கொண்டதும் போனது. மிச்சம் இரண்டு மூன்று வாக்கியங்கள். “படத்தில் வரைய முடியாதது ஏதாவது அங்கே இருந்ததா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “அப்பாவின் செருப்புச் சத்தம்.”

அவளுடைய கடைசி வரைவு: “அப்பாவின் செருப்புச் சத்தம் என் பின்னாலேயே வந்தது. மரம் வரைக்கும் வந்தது. அப்புறம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். அப்பா தூரத்தில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் விழுந்தேன்.”

ஒரு வர்ணனைச் சொல்கூட நான் கொடுக்கவில்லை. படத்தை அவள் மாற்றிவிட்டாள். சைக்கிள் போய்விட்டது, ஒரு ஜோடிச் செருப்பு மட்டும் இருந்தது.

“ஐம்புலன்களால் வர்ணித்து எழுதுக” என்று பலகையில் எழுதிப்போட்ட காலம் எனக்கும் உண்டு. அப்போதெல்லாம் எல்லார் கதையிலும் பூ மணக்கும், குயில் கூவும்.

பேச்சுத் தமிழில் பதிவுசெய்யலாமா, எழுத்துத் தமிழில்தான் வேண்டுமா?

தமிழில் இதைச் செய்கிறவர்கள் எல்லாரும் முட்டிக்கொள்ளும் சுவர் இது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் “பேசுவதுபோல எழுதச் சொல்லுங்கள்” என்று எளிதாகச் சொல்லிவிடும். நமக்குப் பேசுவது ஒரு மொழி, எழுதுவது இன்னொன்று. பிள்ளை வட்டத்தில் உயிரோடு சொன்ன கதை, நோட்டில் இறங்கும்போது விறைத்துப்போவதற்குப் பாதிக் காரணம் அதுதான். வாயில் இருந்த சொல்லுக்கு எழுத்தில் என்ன வடிவம் என்று தேடுவதிலேயே கதை கைநழுவிவிடும்.

நான் வைத்திருக்கும் ஏற்பாடு: கதையில் வரும் மனிதர்கள் பேசுவது பேச்சுத் தமிழில், கதை சொல்பவர் பேசுவது எழுத்துத் தமிழில். அம்மா “சீக்கிரம் வாடா” என்றால் அப்படியே இரட்டை மேற்கோள் குறிக்குள் போகட்டும். அதை “விரைந்து வா, மகனே” என்று மாற்றினால் அம்மா காணாமல்போய்விடுவார். முதல் வரைவில் இரண்டும் கலந்து வந்தால் கண்டுகொள்வதில்லை. இரண்டாம் வரைவில் பச்சைப் பென்சிலால் யார் யார் பேசுகிறார்கள் என்று கோடு போடச் சொல்வேன். கோட்டுக்கு வெளியே இருப்பதையெல்லாம் எழுத்து வடிவத்துக்கு மாற்றுவது அடுத்த வேலை. மேற்கோள் குறி எதற்கு என்பது இந்தப் பச்சைக் கோட்டில் புரிவதுபோல இலக்கணப் பாடத்தில் புரிந்ததில்லை.

ஒரு எச்சரிக்கை. எழுத்துத் தமிழை வாசிக்கும்போது பிள்ளைகளுக்கு மேடைப் பேச்சுக் குரல் வந்துவிடும். ஒவ்வொரு சொல்லையும் உயர்த்தி இழுப்பார்கள். “என்னைப் பார்க்காதே, பக்கத்திலிருக்கும் தோழியிடம் சொல்” என்றால் இறங்கி வருவார்கள்.

எழுத்துப்பிழை? அது ஒலியில் தெரியாதே.

சரியாகப் பிடித்தீர்கள். இந்த முறையில் உள்ள உண்மையான ஓட்டை இது. ‘பன்றி’யை ‘பண்றி’ என்று எழுதினாலும் ஒலிப்பதிவில் யாருக்கும் தெரியாது. அதனால் கதையின் கையெழுத்துப் படியும் வேலையின் ஒரு பகுதி. பதிவோடு அதையும் வாங்கிக்கொள்கிறேன். தலைப்பும் ஒன்றிரண்டு வரிகளும் திரையில் எழுத்தாகவும் வரவேண்டும். எல்லாரும் பார்க்கப்போகும் எழுத்தில் பிழை இருக்கக்கூடாது என்பதைப் பிள்ளைகளே பிடித்துக்கொள்வார்கள்.

வேறு சில பிழைகள் ஒலியில்தான் முதலில் தெரிகின்றன. “நான் பல்லிக்குப் போனேன்” என்று எழுதியதை ஒருவன் எழுதியபடியே வாசித்துப் பதிவுசெய்தான். கேட்டபோது வகுப்பு சிரித்தது, அவனும் சிரித்தான். அன்றிலிருந்து ல, ள வேறுபாட்டுக்கு எங்கள் வகுப்பில் ‘பல்லி சோதனை’ என்று பெயர்.

நிறுத்தற்குறிகளுக்கு ஒலிப்பதிவைப்போல ஓர் ஆசிரியர் கிடையாது. மூச்சு முட்டினால் அங்கே முற்றுப்புள்ளி விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

வகுப்பில் முப்பத்தைந்து பேர், என்னிடம் ஒரு ஸ்மார்ட்போன். முடியுமா?

முடியும். முதல் ஆறு வேளைகளுக்குத் தாளும் பென்சிலும் போதும் என்று சொன்னேன் அல்லவா? கருவி தேவைப்படுவது பதிவுக்கும் சேர்ப்பதற்கும்தான். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு கதை செய்யலாம். அப்போதும் ஆளுக்கொரு கட்டம், ஆளுக்கொரு வாக்கியம், அவரவர் குரல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். “நீ எழுது, நான் வரைகிறேன்” என்று பிரிக்க விட்டால், எழுதக் கஷ்டப்படும் பிள்ளை ஆண்டு முழுவதும் வரைந்துகொண்டே இருக்கும்.

ஒலிப்பதிவுக்கு அறை தேடவேண்டாம். மின்விசிறியை நிறுத்துங்கள். துணி தொங்கும் மூலையோ புத்தக அலமாரியின் பக்கமோ போதும், வெறும் சுவரிலிருந்து வரும் எதிரொலி குறையும். போனை வாய்க்கு நேரே பிடிக்காமல் ஒரு சாண் தள்ளிக் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தால் ‘ப’ வரும் இடங்களில் மூச்சு மோதி வெடிக்காது. தாள் சரசரப்பு பெரிய தொல்லை. கதையை அட்டையில் ஒட்டிக் கையில் கொடுத்துவிடுங்கள்.

எந்த மென்பொருள் நல்லது?

பிள்ளை பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்வது எதுவோ அது.

கணினி இருந்தால் பவர்பாயின்ட் ஒன்றே போதும். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் தனித்தனியாகக் குரலைப் பதிவுசெய்து கடைசியில் மொத்தத்தையும் வீடியோவாக மாற்றிக்கொள்ளலாம். ஒரு வாக்கியத்தை மாற்ற விரும்பினால் அந்த ஸ்லைடின் குரலை மட்டும் திரும்பப் பதிவுசெய்தால் ஆயிற்று. திருத்துவதை மலிவாக்குகிற கருவி எதுவும் எழுத்துப் பாடத்துக்கு நல்ல கருவிதான். முழுப் பதிவையும் முதலிலிருந்து செய்யவேண்டும் என்றால் எந்தப் பிள்ளையும் ஒரு சொல்லை மாற்ற முன்வராது. புக் கிரியேட்டர், பக்கம் பக்கமாகக் குரல் சேர்த்துப் புத்தகம்போலச் செய்ய உதவும். ஒலியை மட்டும் வெட்டி ஒட்ட ஆடாசிட்டி இலவசம். எட்டு வயதுக்குமேல் ஆர்வமுள்ளவர்கள், நிரல் அமைத்துக் கதை செய்யும் ஸ்க்ராட்ச் பக்கம் போகலாம், ஆனால் அங்கே கதையைவிட நிரல் நேரத்தைத் தின்னும்.

எந்த ஒன்றையும் நம்பித் திட்டம் போடாதீர்கள். ஒரு காலத்தில் பல பள்ளிகள் விண்டோஸ் மூவி மேக்கர் என்ற வீடியோ மென்பொருளில்தான் இதைச் செய்துகொண்டிருந்தன. 2017-இல் மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவிட்டது. நோட்டில் எழுதி வைத்திருந்த கதைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தமிழில் தட்டச்சு செய்யவைக்க வேண்டுமா?

தலைப்பை மட்டும் செய்யட்டும். கையால் எழுதி, அந்தத் தாளைப் படமெடுத்துச் சேர்ப்பதே இந்த வயதில் எளிது. பிள்ளையின் கையெழுத்து திரையில் வருவது அழகும்கூட. ஐந்தாம் வகுப்பில் தமிழ்99 விசைப்பலகையை மெல்ல அறிமுகப்படுத்தலாம். உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆவதை விரலே செய்து பார்க்கும். குரல்வழித் தட்டச்சை நான் முதல் வரைவுக்கு அனுமதிப்பதில்லை. எழுத்துப்பிழையும் நிறுத்தற்குறியும் யாருடைய பொறுப்பு என்ற கேள்வியே அதில் இல்லாமல் போய்விடுகிறது. கை வலுவில்லாத, எழுத உடல்ரீதியாகச் சிரமப்படும் பிள்ளைக்கு அது வேறு விஷயம், தாராளமாகக் கொடுங்கள்.

இணையத்திலிருந்து படமும் பாட்டும் எடுக்கலாமா?

இணையத்தில் கிடைப்பதெல்லாம் இலவசம் அல்ல. மற்றவர்கள் பயன்படுத்த உருவாக்கியவரே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு வரும் படங்களை அதன் நிபந்தனைப்படி பயன்படுத்தலாம்; பெரும்பாலானவற்றில் உருவாக்கியவர் பெயரைச் சொல்லவேண்டும், ‘மாற்றக்கூடாது’ என்ற நிபந்தனை உள்ளவற்றை விட்டுவிடுவது நல்லது. கதையின் கடைசிப் படத்தில் பெயர் சொல்லும் பழக்கத்தை மூன்றாம் வகுப்பிலேயே ஏற்படுத்தலாம்.

ஆனால் என் விருப்பத்தைக் கேட்டால், எடுக்கவே வேண்டாம். தேடியெடுத்த படம் எப்போதும் பிள்ளையின் கதையைவிடப் பளபளப்பாக இருக்கும். பிறகு கதை படத்துக்கு ஏற்ப வளையும். கோணல்மாணலாக வரைந்த நாய்தான் அந்த நாய். இசைக்கு முதல் கதையில் முழுத் தடை. சினிமாப் பாட்டு உரிமைச் சிக்கல் என்பது ஒரு பக்கம். எட்டு வயதுக் குரலை எந்த வயலினும் மூழ்கடித்துவிடும் என்பது இன்னொரு பக்கம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடியில் கதையும் படமும் குரலும் தருகின்றனவே?

தருகின்றன. அந்தக் கதையில் செருப்புச் சத்தம் இருக்காது. எழுதக் கற்கும் வயதில் அவற்றை நான் வகுப்புக்குள் விடுவதில்லை. பயிற்சித்தாள் தயாரிக்க ஆசிரியர் பயன்படுத்திக்கொள்ளட்டும்.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

திரையில் பார்த்துப் போடாதீர்கள், ஏமாந்துவிடுவீர்கள். வீட்டில் நல்ல கணினியும் ஓய்வான அண்ணனும் உள்ள பிள்ளையின் கதை எப்போதும் பிரமாதமாக இருக்கும். என் கணக்கு இருபதுக்கு: இறுதி எழுத்துப் படிக்குப் பத்து, முதல் வரைவுக்கும் இறுதி வரைவுக்கும் இடையே நடந்த மாற்றத்துக்கு ஆறு, வாசிப்புக்கு மூன்று, படத்துக்கு ஒன்று. இரண்டு வரைவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “எதை மாற்றினாய், ஏன்?” என்று பிள்ளையிடமே கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். “நீளமாக இருந்தது, மூச்சு வாங்கியது” என்ற பதிலுக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறேன்.

வாசிக்கத் திணறும் பிள்ளை, மைக்கைப் பார்த்தால் வாயே திறக்காத பிள்ளை, இவர்களை என்ன செய்வது?

திணறும் பிள்ளைக்கு இது உண்மையில் நல்ல வாய்ப்பு. தான் எழுதிய உரை என்பதால் அடுத்து என்ன சொல் வரும் என்று அதற்குத் தெரியும். ஒரு வாக்கியம், ஒரு பதிவு என்று உடைத்துக்கொடுங்கள். பதினைந்து முறை பதிவுசெய்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. பாடப்புத்தகத்தின் ஒரு பத்தியைப் பதினைந்து முறை வாசி என்றால் எந்தப் பிள்ளை வாசிக்கும்?

பேசவே மறுத்த ஒருத்தி இருந்தாள். வற்புறுத்தவில்லை. தன் கதையைத் தோழியை வாசிக்கவைத்தாள். தோழி ஒரு வாக்கியத்தில் தவறான சொல்லை அழுத்தி வாசித்துவிட்டாள். “அப்படி இல்லை” என்று மைக்கை வாங்கித் தானே சொன்னாள், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும். கதையில் இரண்டு குரல்கள் அப்படியே இருக்கின்றன.

தனியுரிமை விஷயத்தில் என்ன கவனம் வேண்டும்?

முகமும் முழுப்பெயரும் பள்ளிப்பெயரும் கதையில் வரவேண்டாம். வரைந்த படம் இருக்கும்போது புகைப்படம் எதற்கு? பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். கணக்குத் தொடங்கச் சொல்லும் ஆப் என்றால் சட்டமும் குறுக்கே வரும். அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் 13 வயதுக்குட்பட்டவர்களின் தகவலை இணையத்தில் திரட்டப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது; இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வயதை 18 என்று வைத்திருக்கிறது. கணக்கே கேட்காத கருவி என்றால் தலைவலி குறைவு.

சட்டத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறு. சொந்தக் கதை கேட்டால் சொந்தக் கதை வரும். ஒரு பிள்ளை வீட்டுச் சண்டையை எழுதிக்கொண்டு வந்தது. எழுதியதை மதித்துப் படித்தேன், நன்றாக எழுதியிருக்கிறாய் என்றும் சொன்னேன். பிறகு, “இதை நாம் இருவரும் வைத்துக்கொள்ளலாம், எல்லாருக்கும் காட்ட இன்னொன்று எழுதுவாயா?” என்று கேட்டேன். இரண்டாவதாக எழுதியது தொலைந்த பென்சில் பெட்டியைப் பற்றி. பிள்ளைக்கு ஆபத்து இருப்பதாகத் தோன்றும் எதையும் மட்டும் உங்களோடு வைத்துக்கொள்ளாதீர்கள். அது கதை விஷயம் அல்ல. பள்ளியில் அதற்குப் பொறுப்பானவரிடம் அன்றே சொல்லவேண்டும்.

முடிந்த கதைகளை என்ன செய்வது?

வகுப்பில் எல்லாரும் சேர்ந்து பாருங்கள். ஒரே நாளில் ஐந்துக்குமேல் வேண்டாம், ஆறாவது கதையை யாரும் கேட்பதில்லை. எழுத்துப் படிகளைத் தைத்து வகுப்பு நூலகத்தில் வையுங்கள். அடுத்த ஆண்டு வரும் பிள்ளைகள் முதலில் எடுப்பது அதைத்தான். பதிவுகளைப் பெற்றோருக்கு அனுப்பியபின் போனிலிருந்து அழித்துவிடுங்கள். அழிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் ஒருமுறை திறந்து, குரல் கடைசி வாக்கியம் வரை வருகிறதா என்று கேட்டுவிடுங்கள். ஒரு முறை கேட்காமல் அழித்துவிட்டு, இரண்டு பேரிடம் மன்னிப்புக் கேட்டு மறுபடியும் பதிவுசெய்தேன். அவர்களில் ஒருவன் அந்தச் சாக்கில் இன்னும் ஒரு ‘பிறகு’வை எடுத்துவிட்டான்.